நூடில்ஸ் பக்கெட்டில் உள்ள 319: நாம் அஞ்ச வேண்டியது எதற்கு?

கடந்த வருடம் இரண்டாம் தவணை ஆரம்பித்து ஓரிரு வாரங்களே கடந்திருந்தன. எங்கள் பாடசாலைப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுமத்திற்கு நான் ஒரு செய்தியைப் பகிர்ந்தேன். நான் எழுதியதல்ல, யாரோ எனக்கு அனுப்பியதுதான். "அவசரம், உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்" என்று அது தொடங்கியது. நூடில்ஸ், சிப்ஸ், பிஸ்கட் பக்கெட்டுகளில் 319 என்ற இலக்கம் இருந்தால் அது பெற்றோலிலிருந்து எடுக்கப்படும் நஞ்சு என்றும், 5 கிராம் உள்ளே போனால் மரணம் நிச்சயம் என்றும், ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்டது என்றும் அதில் இருந்தது. அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: "விஞ்ஞான ஆசிரியர் என்ற வகையில் இதனை உறுதிப்படுத்துகிறேன்."

நான் எதையும் உறுதிப்படுத்தவில்லை. இஷாத் தொழுகைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில், செய்தியை முழுதாக வாசிக்காமலேயே அனுப்பியிருந்தேன்.

எங்கள் பாடசாலை வாசலுக்கு எதிரே ஒரு ராத்தா சிறிய மேசை போட்டு வியாபாரம் செய்கிறார். கணவர் மௌத்தாகி ஆறு வருடங்கள். மூன்று பிள்ளைகள், இருவர் எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறார்கள். நூடில்ஸ் நொறுக்கு, சிப்ஸ், கடலை, மிக்சர் என்று சின்னச் சின்னப் பக்கெட்டுகளைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். என் செய்தி போன மறுநாள் பெற்றோர் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கவில்லை. அடுத்த நாள் ஒரு தந்தை மேசையருகில் நின்று சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அந்த ராத்தா பாடசாலை முடியும் வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "சேர், நான் புள்ளயளுக்கு நஞ்சா விக்கிறன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் இரசாயனம் படித்து, இருபது வருடத்திற்குக் கிட்டக் கற்பித்து வருகிறேன். அன்றிரவுதான் அந்த 319 பற்றித் தேடி வாசிக்க உட்கார்ந்தேன். அதன் பின்னர் பல இரவுகள் வாசித்ததில் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

319 என்பது என்ன?

உணவுப் பொதிகளில் காணப்படும் இந்த இலக்கங்கள் உணவுச் சேர்மானங்களுக்குச் சர்வதேச ரீதியில் வழங்கப்பட்டவை. ஐரோப்பாவில் இலக்கத்திற்கு முன்னால் 'ஈ' என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள், நம் நாட்டுப் பொதிகளில் பெரும்பாலும் இலக்கம் மட்டும் இருக்கும். 100இல் தொடங்குபவை நிறங்கள். 200இல் தொடங்குபவை நற்காப்புப் பொருட்கள், அதாவது பூஞ்சணம், பற்றீரியா வளராமல் தடுப்பவை. 300இல் தொடங்குபவற்றில் பெரும்பகுதி ஒட்சியேற்ற எதிரிகளும் அமிலத்தன்மையைச் சீராக்குபவையும். 300 என்ற இலக்கமே விற்றமின் சீ தான். 330 என்பது எலுமிச்சம்பழத்தில் உள்ள சித்திரிக்கமிலம்.

319 என்பது ரீ.பி.எச்.கியூ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ரேர்ஷறி பியூட்டைல் ஹைட்ரோகுயினோன். அதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள் 320, 321. அதாவது பி.எச்.ஏ., பி.எச்.ரீ. என்பவை. மூன்றுமே தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படுபவை, மூன்றும் செய்வது ஒரே வேலை. எண்ணெயும் கொழுப்பும் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது.

எண்ணெய் எப்படிப் பழுதாகிறது? தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நாம் பாண்டலடைதல் என்று சொல்லிக் கொடுப்பதுதான். பல நாள் திறந்து கிடந்த எண்ணெயில், பழைய மிக்சரில், நாள்பட்ட கடலையில் வரும் அந்தப் பழைய பெயின்ற் போன்ற மணம் எல்லோருக்கும் தெரியும். வளியிலுள்ள ஒட்சிசன் எண்ணெயின் நிரம்பாத கொழுப்பமிலங்களைத் தாக்குகிறது. வெளிச்சமும் வெப்பமும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களும் அதனைத் துரிதப்படுத்துகின்றன. ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்திலுள்ளதைக் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். வகுப்பில் ஒருவன் கதைக்கத் தொடங்கினால் கடைசி வாங்கு வரை பரவுவது போல ஒரு சங்கிலி. ரீ.பி.எச்.கியூ. தன்னிடமுள்ள ஐதரசன் அணுவை அந்தக் கெட்ட மூலக்கூற்றிற்குக் கொடுத்து அதனை அடக்கிவிடும். சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும். ஆகவே மிகச் சிறிய அளவே போதும்.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. அதில் ஒட்சிசன் தாக்குவதற்கு இடம் குறைவு. ஈரம் பட்டுக் காறல் வருவது வேறு கதை. சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் அப்படியல்ல, விரைவில் ஒட்சியேற்றமடைபவை. பொரித்த நூடில்ஸ் ஒரு பக்கெட் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு, கப்பலிலும் களஞ்சியத்திலும் கிடந்து, நம் ஊர்ச் சூட்டில் கடை வாசலில் தொங்கி, பிள்ளையின் கைக்கு வரும் வரை மாதக்கணக்காகிவிடும். அதுவரை அதிலுள்ள எண்ணெய் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதால்தான் 319.

செய்தியில் இருந்தவை எவ்வளவு உண்மை?

'பெற்றோலிலிருந்து எடுக்கப்படுவது' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் மூலப்பொருட்கள் பெற்றோலிய இரசாயனங்களிலிருந்து பெறப்படுகின்றன என்பது சரி. ஆனால் நாம் விழுங்கும் பெரும்பாலான மாத்திரைகளின் மூலப்பொருட்களும் அங்கிருந்துதான் வருகின்றன. அமெரிக்க எழுத்தாளர் மைக்கல் பொலன் 2006ஆம் ஆண்டு வெளிவந்த தனது நூலொன்றில் ரீ.பி.எச்.கியூ.வை பியூட்டேனின் ஒரு வடிவம், அதாவது லைட்டர் எரிபொருள், என்று எழுதினார். அதன் பிறகு உலகமெல்லாம் அந்தக் கதை பரவியது. பெயரில் 'பியூட்டைல்' என்று இருப்பதன் பொருள், மூலக்கூற்றின் ஒரு பக்கத்தில் நான்கு காபன் அணுக்கள் கொண்ட ஒரு தொகுதி இருக்கிறது என்பதே. சோடியம் நீரில் போட்டால் தீப்பற்றும், குளோரீன் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்த சோடியம் குளோரைட்டைத்தான் நாம் கறிக்குப் போடுகிறோம். இதனை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லும் நானே அன்றைக்கு ஏமாந்தேன்.

'5 கிராம் மரணம்' என்ற கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிக்கும் உச்ச அளவு, உணவிலுள்ள எண்ணெய் அல்லது கொழுப்பின் 0.02 வீதம். அதாவது ஒரு கிலோகிராம் கொழுப்புக்கு 200 மில்லிகிராம். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸும் எண்ணெய், கொழுப்புகளுக்கு இதே அளவைத்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் 5 கிராம் ரீ.பி.எச்.கியூ. உடலுக்குள் போக ஒருவர் 25 கிலோகிராம் கொழுப்பை ஒரேயடியாக உண்ண வேண்டும். ஒரு நூடில்ஸ் பக்கெட்டில் 15 கிராம் கொழுப்பு என்று வைத்தால் 1,600க்கும் மேற்பட்ட பக்கெட்டுகள். 319ஐப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருக்காது.

ஐரோப்பியத் தடை என்பது ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதிப் பட்டியலில் இது நீண்டகாலம் இருக்கவில்லை. 2004இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஆராய்ந்து சாதகமான கருத்தை வெளியிட்டதன் பின்னர் அனுமதிக்கப்பட்டது. ஜப்பானில் இன்றும் அனுமதி இல்லை. அதே ஜப்பான் 320, 321 இரண்டையும் அனுமதிக்கிறது. ஒரு நாட்டின் பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் ஒன்று நஞ்சாகிவிடாது.

இன்னொரு பட்டியலும் நம்மிடையே பல வருடங்களாகச் சுற்றுகிறது. ஈ இலக்கங்கள் எல்லாம் பன்றிக் கொழுப்பின் இரகசியக் குறியீடுகள் என்பது. 319, 320, 321 மூன்றும் முற்றிலும் செயற்கைச் சேர்வைகள், விலங்குக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. நியாயமாகச் சந்தேகம் எழுப்பக்கூடிய இலக்கம் 471 போன்றது, ஏனெனில் அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். அதற்குத்தான் ஹலால் சான்றிதழ். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட் சாப்பிடலாம் என்று சொல்லாது.

பிரான்சில் ஒரு துண்டுப்பிரசுரம்

இவற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது என் முகத்தில் அறைந்த ஒரு சம்பவம் கிடைத்தது. 1976ஆம் ஆண்டளவில் பிரான்சில் தட்டச்சுச் செய்யப்பட்ட ஒரு தாள் கைக்குக் கை மாறத் தொடங்கியது. வில்ஜுயிஃப் என்ற இடத்திலுள்ள பிரபல புற்றுநோய் வைத்தியசாலையின் பெயர் அதில் இருந்தது. உணவுச் சேர்மானங்களின் பட்டியல், எது புற்றுநோயை உண்டாக்கும், எது பாதுகாப்பானது என்ற வகைப்பிரிப்பு. எல்லாவற்றிலும் ஆபத்தானது எனக் குறிக்கப்பட்டிருந்தது எது தெரியுமா? 330. எலுமிச்சம்பழத்தின் சித்திரிக்கமிலம்.

வைத்தியசாலை மறுத்தது. மறுப்பு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வருடக்கணக்காக, நாடு கடந்தும், மொழிபெயர்க்கப்பட்டும் அந்தத் தாள் சுற்றியது. வட்ஸ்அப் இல்லாத காலம், போட்டோ கொப்பியிலேயே பரவியது. சமூகவியல் ரீதியில் இதனை ஆராய்ந்த ஷான் நொயெல் கப்ஃபெரெர், அது இவ்வளவு தூரம் போனதற்கு நம்பிக்கைக்குரியவர்களின் கைகளே காரணம் என்று காட்டினார். பாடசாலைகள், வைத்தியர்கள், சுகாதார உத்தியோகத்தர்கள். அதாவது என்னைப் போன்றவர்கள்.

330 எப்படி மாட்டியது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. உடலில் சித்திரிக்கமிலம் பங்கெடுக்கும் தாக்கச் சுற்றுக்கு கிரெப்ஸ் வட்டம் என்று பெயர், அதைக் கண்டறிந்தவரின் பெயரால். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய்.

அப்படியென்றால் 319 முற்றிலும் பாதுகாப்பானதா?

இங்கேதான் நான் மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. வட்ஸ்அப் செய்தி பொய் என்பதால் கம்பனி சொல்வதெல்லாம் மெய் என்றாகிவிடாது.

மூன்று இலக்கங்களில் அதிகம் கேள்விக்குள்ளானது 319 அல்ல, 320. 1980களின் ஆரம்பத்தில் ஜப்பானிய ஆய்வாளர் நொபுயுகி இட்டோவின் குழு எலிகளுக்கு உணவில் 2 வீதம் பி.எச்.ஏ. கலந்து இரண்டு வருடம் கொடுத்தபோது, அவற்றின் முன்னிரைப்பையில் கட்டிகள் தோன்றின. இதனைத் தொடர்ந்து சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பி.எச்.ஏ.வை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டமும் 1991 முதல் தனது பட்டியலில் அதனைச் சேர்த்துள்ளது. மனிதருக்கு எலியைப் போன்ற முன்னிரைப்பை இல்லை, கொடுத்த அளவும் சட்ட எல்லையைவிட நூறு மடங்கு என்பது மறுதரப்பு வாதம். அதுவும் நியாயமே. இருந்தாலும் அமெரிக்கா பட்டியலிட்டுக்கொண்டே அனுமதிக்கும் ஒரு பொருளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு.

319ஐப் பொறுத்தவரை, அதே தேசிய நச்சியல் திட்டம் 1997இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில் எலிகளிலும் சுண்டெலிகளிலும் புற்றுநோய்க்கான சான்று கிடைக்கவில்லை. உட்கொண்டதன் பெரும்பகுதி சிறுநீருடன் வெளியேறிவிடுகிறது. ஆனால் புதிய கேள்வியொன்று எழுந்துள்ளது. 2019இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரீ.பி.எச்.கியூ. கலந்த உணவு கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் இன்புளுவென்சாவை எதிர்க்கும் நோயெதிர்ப்புக் கலங்களின் செயற்பாடு மந்தமடைவதாக அறிவித்தார்கள். இது சுண்டெலி, மனிதரில் அப்படி நடக்கிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் பழைய பாதுகாப்பு மதிப்பீடுகள் பிரதானமாகப் புற்றுநோயையும் உறுப்புகளின் பாதிப்பையுமே தேடின.

புற்றுநோய்ப் பிரிவுகளைப் பற்றி ஓர் உபகதை. 2பி என்றதும் நடுங்கும் நாம், முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் எவை இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. பூஞ்சணம் பிடித்த கடலையிலும் கொப்பறாவிலும் வரும் அஃப்லாடொக்சின் அங்கே இருக்கிறது. 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் கண்டுபிடிக்கப்பட்டு நாடே கொந்தளித்ததே, அதேதான். பாக்கும் அங்கேதான் இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் கூட. ராத்தாவின் மேசையருகில் நின்று சத்தம் போட்ட அந்தத் தந்தையின் வாய் நிறைய வெற்றிலை இருந்ததாகப் பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அவரை அங்கே அனுப்பியதே என் செய்திதான்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?

பாதுகாப்பு எல்லை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்வது நல்லது. விலங்குகளில் எந்தப் பாதிப்பையும் காட்டாத உச்ச அளவை எடுத்து வழமையாக அதனை நூறால் வகுப்பார்கள். ரீ.பி.எச்.கியூ.வுக்கு நாய்களில் நடத்திய ஆய்வில் உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 72 மில்லிகிராம் வரை பாதிப்பில்லை. நூறால் வகுத்தால் 0.7 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழுவும், ஐரோப்பிய அதிகாரசபையும் வைத்திருக்கும் எல்லை இதுதான். வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் பரவாயில்லை எனக் கருதப்படும் அளவு.

தரம் இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளையின் நிறை 20 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அவனது எல்லை நாளொன்றுக்கு 14 மில்லிகிராம். 60 கிலோ வாப்பாவுக்கு 42. ஒரு நூடில்ஸ் பக்கெட்டில் 15 கிராம் கொழுப்பு, அதில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு சேர்க்கப்பட்டிருக்கிறது என்றால் 3 மில்லிகிராம். எனவே ஒரு பக்கெட், இரண்டு பக்கெட்டால் எல்லை தாண்டாது. நான் பயமுறுத்திய பெற்றோருக்கு இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கணக்கைத் தொடருங்கள். அதே பிள்ளை காலையில் நூடில்ஸ், இடைவேளைக்கு ஒரு சிப்ஸ் பக்கெட், பின்னேரம் கிறீம் பிஸ்கட், மாலையில் ரீவி பார்த்துக்கொண்டு மிக்சர். எல்லாவற்றிலும் கொழுப்பு, பலவற்றில் ஏதோ ஓர் ஒட்சியேற்ற எதிரி. சட்டம் ஒவ்வோர் உணவிலும் உள்ள கொழுப்புக்கு எல்லை வைக்கிறது. ஒரு பிள்ளையின் வயிற்றில் எல்லாம் சேர்ந்து எவ்வளவாகிறது என்பதைக் கடைக்காரரும் பார்ப்பதில்லை, கம்பனியும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருப்பவர்தான். அப்படியே எல்லையைத் தொடுமளவு சாப்பிடும் பிள்ளைக்கு 319 வருவதற்கு முன்னரே உப்பும் சீனியும் கொழுப்பும் கேடு செய்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது வளர்ந்தவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நூடில்ஸ் பக்கெட்டுகள் பலவற்றில் 2 கிராமுக்கு மேல் இருக்கிறது. பொதியில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியும் நாம் அதைப் பார்க்காமல் பின்பக்கத்தில் 319ஐத் தேடுகிறோம்.

இலக்கமே இல்லாத பக்கெட்

அந்த ராத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பிறகு. அதற்குள் அவர் வழி மாறியிருந்தார். கம்பனிப் பக்கெட்டுகளை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே பருப்பு வடையும் மரவள்ளிப் பொரியலும் செய்து கொண்டுவந்தார். பெற்றோர் திரும்பவும் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். இலக்கம் எதுவும் இல்லையே, வீட்டுச் சாப்பாடு!

தாச்சியில் இருந்த எண்ணெயை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். வருமானம் குறைந்ததால் எண்ணெயைக் கொட்ட மனம் வரவில்லை, குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டேன் என்றார். எத்தனை நாள் என்று அவருக்கே கணக்கில்லை. எண்ணெய் கறுத்து, தடித்து, நுரைத்துக்கொண்டிருந்தது.

திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்வைகள் ஏறத்தாழ 25 வீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை வீசிவிட வேண்டும் என ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் விதி இருக்கிறது. கடையில் வாங்கும் எண்ணெயில் ரீ.பி.எச்.கியூ. இருந்தாலும் இங்கே அது உதவாது. பொரிக்கும் சூட்டில் அதன் பெரும்பகுதி ஆவியாகியும் சிதைந்தும் போய்விடும். போத்தலில் இருக்கும் வரைதான் அது காவல்காரன். ஆக, நான் பயமுறுத்தியதன் விளைவாக எங்கள் பிள்ளைகள் அளவறிந்த ஒரு சேர்மானத்தை விட்டுவிட்டு, அளவே அறியாத பழைய எண்ணெயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைகளில் பொலித்தீனில் கட்டி விற்கும் பெயரில்லாத மிக்சரும் கடலையும் இதே வகைதான். எப்போது பொரித்தது, எந்த எண்ணெய், யார் செய்தது என்று எதுவுமில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அதிகாரம் இருக்கிறது. கம்பனிப் பக்கெட்டில் பிரச்சினை என்றால் தொகுதி இலக்கத்தை வைத்துத் தொழிற்சாலை வரை போகலாம். பெயரில்லாத பக்கெட்டில் யாரைப் பிடிப்பது?

அன்று ராத்தாவுடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தாச்சியைச் சிறிதாக்கினால் ஒரு தடவைக்கு ஊற்றும் எண்ணெய் குறையும். ஒவ்வொரு முறையும் துணியில் வடித்து, மூடி, வெளிச்சம் படாமல் வைத்தால் இரண்டாம் முறை பாவிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். சரமாகத் தொங்கும் பக்கெட்டுகளை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்ற வேண்டும். ஒரு வடைக்கு ஐந்து ரூபா கூட்டினால்தான் இது கட்டுப்படியாகும் என்றார். கூட்டுங்கள், நான் குழுமத்தில் எழுதுகிறேன் என்றேன். எழுதினேன். முதல் செய்திக்கு அன்றிரவே நாற்பதுக்கும் மேற்பட்ட கைகூப்பல்களும் "ஜஸாகல்லாஹ்"களும் வந்திருந்தன. திருத்தத்திற்கு மூன்று பேர் பதில் போட்டார்கள், அதில் ஒருவர் "கம்பனிக்காரன் எவ்வளவு தந்தான் சேர்?" என்று கேட்டிருந்தார்.

பிள்ளைகளிடம் இது இலகுவாக இருந்தது. தரம் எட்டு வகுப்பில் சூரியகாந்தி எண்ணெயை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றை மூடாமல் யன்னலோரம் வெயிலில் வைத்தோம். மற்றதை மூடி, கறுப்புக் கடதாசி சுற்றி அலுமாரிக்குள் வைத்தோம். சில வாரங்கள் கழித்து மணந்து பார்த்தபோது, யன்னலோரக் குவளையிலிருந்து முகத்தைத் திருப்பாத பிள்ளை இல்லை. எண்ணெய்ப் போத்தலின் லேபிளை வாசித்த ஒரு மகள், "சேர், இதில 319 இருந்தும் வெயிலுக்கு நிக்கேலாமப் போச்சே?" என்று கேட்டாள். எனக்கு அன்று கிடைத்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

319 வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மாற்று வழிகள் உள்ளன. 306 முதல் 309 வரை விற்றமின் ஈ வகை, 392 ரோஸ்மேரி இலைச்சாறு. இவற்றைப் பாவிக்கும் கம்பனிகள் இருக்கின்றன, விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். நல்லெண்ணெயில் இயற்கையாகவே ஒட்சியேற்ற எதிரிகள் இருக்கின்றன. 2015இல் அமெரிக்காவின் பெரிய தானிய உணவுக் கம்பனியான ஜெனரல் மில்ஸ், பாவனையாளர்களின் விருப்பத்தைக் காரணமாகக் காட்டித் தன் தயாரிப்புகளிலிருந்து 321ஐ அகற்றுவதாக அறிவித்தது. பொதியின் பின்பக்கத்தை வாசித்து வாங்குபவர்களுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது. என் வீட்டில் நூடில்ஸை முற்றாக நிறுத்தவில்லை. வாரத்தில் ஒரு நாள், முட்டையும் மரக்கறியும் போட்டு, உப்புத்தூளில் பாதியை மட்டும் சேர்த்துச் செய்கிறோம். மகனுக்கு அதில் திருப்தி இல்லை.

ராத்தாவின் வியாபாரம் பழைய நிலைக்கு இன்னும் வரவில்லை. சிப்ஸ் சரம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது, மேசைக்கு மேலே ஒரு பழைய குடையின் நிழலில். போன மாதம் கட்டாரிலிருந்து என் மச்சான் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "அவசரம், உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்." கடைசி வரியில், "விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இதனை உறுதிப்படுத்தியுள்ளார்." அந்த ஆசிரியர் நான்தான் என்று எழுதி, 25 கிலோகிராம் கொழுப்புக் கணக்கையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.